பத்து ரூபாய்க் காசுக்கு ஒரு வீடு

முள்ளிப்பட்டு,
ஞாயிற்றுக்கிழமை.

அன்பு மகன் ஹேமநாத்துக்கு அப்பா எழுதுவது. இங்கே நானும் உன் அம்மாவும் உடம்புக்கு ஒரு குறையும் இல்லாமல் இருக்கிறோம், நீயும் அந்த ஜப்பான் குளிரில் சளி காய்ச்சல் எதுவும் அண்டாமல், வேளைக்குச் சாப்பிட்டு நல்லபடியாக இருக்க வேண்டும் என்று நம் தெருப் பிள்ளையாரை வேண்டிக்கொண்டு இதைத் தொடங்குகிறேன். தினம் போனில் முகம் பார்த்துப் பேசுகிற காலத்தில் இந்த மனுஷன் எதற்குப் பேப்பரும் பேனாவும் எடுத்தார் என்று நினைப்பாய். காரணம் இருக்கிறது. போனில் பேசும்போதெல்லாம் உன் அம்மா என் தோளுக்குப் பக்கத்தில் தலையை நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள், அவளை வைத்துக்கொண்டு அவளைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை சொல்ல எனக்கு வாய் வராது, முப்பத்திரண்டு வருஷமாக வரவில்லை, இனிமேலா வரப்போகிறது. அதனால் கடைக்கு ஆள் வராத மத்தியான நேரமாகப் பார்த்து, கல்லாவுக்குப் பின்னால் உட்கார்ந்து எழுதுகிறேன். உனக்கு அனுப்புகிற பருப்புப் பொடி டப்பாவுக்கு அடியில் இதை மடித்து வைத்துவிடுவேன். அவளுக்குத் தெரியாது, நீயும் காட்டிக்கொடுக்காதே.

வீட்டு விஷயம் முதலில் சொல்லிவிடுகிறேன். களம்பூர் மில்லில் இருந்து இந்த வருஷத்து அரிசி இரண்டு மூட்டை வந்து இறங்கிவிட்டது, போன தடவையைவிட நயமாக இருக்கிறது. மழைக்குப் பின்கட்டில் ஒழுகின இடத்தை ஆள் வைத்துப் பூசியாயிற்று. எனக்கு முழங்கால் வலி இருக்கிறதுதான், ஆனால் நீ அனுப்பின அந்த பெல்ட்டைப் போட்டுக்கொண்டால் மூச்சு முட்டுகிற மாதிரி இருக்கிறது, அதனால் போடுவதில்லை, அம்மாவிடம் போடுகிறேன் என்று சொல்லி வைத்திருக்கிறேன். இப்போது விஷயத்துக்கு வருகிறேன். போன பொங்கலுக்கு நீ வந்தபோது, "அம்மா, இந்த பால்வாடி வேலை போதும், இருபத்திரண்டு வருஷம் மூக்கு தொடைச்சிவிட்டது போதும், நான் சம்பாதிக்கறது எதுக்கு" என்று சொன்னாயே, ஞாபகம் இருக்கிறதா? அன்றைக்கு நானும் உன் பக்கம் பேசினேன். அவள் தோசையைத் திருப்பிப் போட்டாள். அந்தப் பேச்சு அவளுக்கு எங்கே போய்த் தைத்தது என்பது எனக்கு இந்த மாதம்தான் தெரிந்தது.

ஆனி மாதம் ஆரணியில் அங்கன்வாடி டீச்சர்களைக் கூப்பிட்டு ஒரு பயிற்சி நடத்தினார்கள். சின்னப் பிள்ளைகளுக்கு ஒன்று இரண்டு என்று வாயால் ஒப்பிக்கச் சொல்லிக்கொடுப்பது கணக்கு இல்லை, கையில் ஒரு சாமானைக் கொடுத்து, இது இதோடு சேரும், இது சேராது என்று அதுகளே பிரித்துப் பார்க்க வேண்டும், அதுதான் கணக்குக்கு முதல் படி என்று சொன்னார்களாம். மற்ற டீச்சர்கள் புளியங்கொட்டை, சோடா மூடி என்று ஆரம்பித்தார்கள். உன் அம்மா என்ன யோசித்தாள் தெரியுமா? நம் தெருப் பிள்ளைகள் கண் திறந்ததில் இருந்து பார்ப்பது இரண்டே இரண்டு, ஒன்று பட்டு நூல், இன்னொன்று துட்டு. நூலைக் கொடுத்தால் சிக்காகிவிடும், நெய்கிறவன் சண்டைக்கு வருவான், ஆகவே துட்டு என்று முடிவு செய்தாள். ஒரு ரூபாயில் பத்து, இரண்டு ரூபாயில் பத்து, ஐந்தில் பத்து, பத்து ரூபாய்க் காசில் பத்து, மொத்தம் நாற்பது. முதல் மூன்றும் கல்லாவில் இருந்து எடுத்தாள், நான் முணுமுணுத்துக்கொண்டே கொடுத்தேன். பத்து ரூபாய்க் காசை மட்டும் நானாகவே சந்தோஷமாகக் கொடுத்தேன். உனக்குத்தான் தெரியுமே, பேங்க்கில் செல்லும் என்று எத்தனை தடவை சொன்னாலும் நம் பக்கத்தில் ஒரு கடைக்காரனும் அதை வாங்குவதில்லை, பஸ்ஸில் கொடுத்தால்கூட கண்டக்டர் முறைப்பார். பெங்களூர் போனபோது என் தலையில் கட்டின காசெல்லாம் ஒரு ஹார்லிக்ஸ் பாட்டிலில் சும்மா கிடந்தது. எடுத்துக்கொண்டு போ, விளையாடுவதற்காவது உதவட்டும் என்றேன். தாராள மனசு என்று என்னையே மெச்சிக்கொண்டேன்.

அவள் செய்த ஏற்பாட்டைக் கேள். பட்டுப் புடவை வைத்து வரும் அட்டைப் பெட்டி இருக்கிறது இல்லையா, அதன் மூடியைப் பிரித்து, ஒவ்வொரு காசையும் அதன்மேல் வைத்துப் பேனாவால் சுற்றி வட்டம் போட்டாள். நாலு வரிசை, வரிசைக்குப் பத்து வட்டம். வட்டத்துக்குப் பிள்ளைகள் வைத்த பெயர் வீடு. குவித்துப் போட்ட காசில் இருந்து ஒவ்வொன்றாக எடுத்து, அதனதன் வீட்டில் கொண்டுபோய் வைக்க வேண்டும். கடைசியில் ஒரு வீடும் காலியாக இருக்கக் கூடாது, ஒரு காசும் வெளியே நிற்கக் கூடாது. கல்லாக் காசோடு கலந்துவிடாமல் இருக்க ஒவ்வொரு காசிலும் சிவப்பு நெயில்பாலீஷால் ஒரு பொட்டு வேறு. மூன்று வயதுக்குக் கீழே உள்ளதுகளுக்குக் காசைக் கண்ணில்கூடக் காட்டமாட்டாள், பெரியதுகளும் ஒரு தடவைக்கு நாலு பேர்தான், கூடவே ஆயம்மா காசியம்மாள் கண் கொட்டாமல் உட்கார்ந்திருக்க வேண்டும். நான் ஒருநாள் சாப்பாடு கொண்டுபோன சாக்கில் நின்று பார்த்தேன். ஒரு ரூபாயும் இரண்டு ரூபாயும் இப்போது அச்சாக ஒன்றுபோல வருகிறது, எனக்கே கண்ணாடி போட்டால்தான் தெரியும். அதுகள் வட்டத்தில் வைத்துப் பார்த்து, ஓரம் மூடாவிட்டால் உதட்டைப் பிதுக்கிக்கொண்டு அடுத்த வீட்டுக்கு எடுத்துப் போகிறதுகள். நீ விட்டுப்போன ஜப்பான் ஓட்டைக் காசு இரண்டையும் அம்மா ஒருநாள் வேண்டுமென்றே நடுவில் கலந்துவிட்டாள். ஒரு வாண்டு அதைக் கண்ணில் வைத்து என்னைப் பார்த்துவிட்டு, நேராகப் போய் சட்டைப் பொத்தான் டப்பாவில் போட்டது. ஓட்டை இருப்பதெல்லாம் ஒரு ஜாதி என்று அதுவே முடிவு கட்டிவிட்டது. நான் சிரித்தேன். உன் அம்மா சிரிக்கவில்லை, "சரியாத்தானே போட்டுது, இன்னா சிரிப்பு" என்று என்னை வெளியே அனுப்பிவிட்டாள்.

பதினாலு பிள்ளைகளில் கைதேர்ந்தது ஜெயப்ரியா. மேலத் தெருவில் தறி போட்டிருக்கிற குமரேசன் - ராதிகாவின் மகள், நாலு வயது, வாயைத் திறந்து பேசுவதே அபூர்வம். ஒன்று, இரண்டு, ஐந்து எல்லாவற்றையும் மற்றதுகளுக்கு முன்னால் முடித்துவிடும். ஆனால் பத்து ரூபாய்க் காசை மட்டும் வீட்டில் வைக்காது. தனியாக எடுத்துப் பாயின் ஓரத்தில் அடுக்கிவிட்டு, வேலை முடிந்தது என்று கையைக் கட்டிக்கொள்ளும். ஒவ்வொரு நாளும் இப்படித்தான். அம்மாவும் வைக்கச் சொல்லி வற்புறுத்துவதில்லை, தானாக வரும் என்று விட்டுவிடுவாள். தினம் எழுதுகிற நோட்டில் மட்டும் அந்தப் பெண்ணின் பெயருக்கு நேரே, "பத்து - தெரியவில்லை" என்று குறித்து வைத்திருந்தாள். இதை ஞாபகம் வைத்துக்கொள்.

ஆடி மாதம் இரண்டாவது செவ்வாய்க்கிழமை. பிள்ளைகளை அவரவர் அம்மா வந்து கூட்டிக்கொண்டு போன பிறகு, அம்மா காசையெல்லாம் அட்டையில் வைத்துப் பார்த்தால் பத்து ரூபாய் வரிசையில் ஒரு வீடு காலி. பாயை உதறி, அரிசி டிரம்மை நகர்த்தி, பொம்மைக் கூடையைக் கொட்டித் தேடியும் இல்லை. அன்றைக்கு அந்தக் காசுகளைக் கடைசியாகத் தொட்டது ஜெயப்ரியா. வேறு யாராவது என்றால் காசியம்மாளிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்திருப்பார்கள், பத்து ரூபாய்தானே. உன் அம்மா செருப்பைக்கூட மாட்டாமல் குமரேசன் வீட்டுக்கு ஓடினாள், காசு காணோம், குழந்தை வாயில் போட்டிருந்தால் என்ன செய்வது, உடனே காட்டுங்கள் என்று தானே போய்ச் சொன்னாள். குமரேசன் கல்யாணப் புடவை ஒன்றைப் பாதியில் வைத்திருந்தான், தறியை அப்படியே விட்டுவிட்டுப் பெண்ணைத் தூக்கி பைக்கில் வைத்துக்கொண்டு ஆரணிக்குப் பறந்தான். ராதிகா பின்னால் உட்கார்ந்து அழுதுகொண்டே போனாள். எக்ஸ்ரே எடுத்ததில் வயிற்றில் ஒன்றும் இல்லை, தொண்டையிலும் இல்லை. அதைப் போனில் கேட்ட பிறகுதான் உன் அம்மா வீட்டுக்கு வந்தாள்.

அதோடு முடிந்திருந்தால் நான் கடிதம் எழுதியிருக்கமாட்டேன். உயிர் பயம் போனதும் குமரேசனுக்குக் கோபம் வந்துவிட்டது. மறுநாள் காலையில் செண்டர் வாசலில் வந்து நின்றுகொண்டு, "முழுங்கலைனா இன்னா அர்த்தம் டீச்சர்? எம் பொண்ணு திருடிட்டானு சொல்றீங்களா? பத்து ரூபாய்க்கு எங்கள தெருவுல நிக்க வெச்சிட்டீங்களே" என்று கத்தினான். அம்மா அப்படிச் சொல்லவே இல்லை. ஆனால் வாசலில் நாலு பேர் கேட்ட பிறகு யார் சொன்னது என்று யார் பார்க்கிறார்கள், சாயந்தரத்துக்குள் என் கடைக்கு வந்தவர்களே, டீச்சர் செண்டரில் அந்தப் பொண்ணு துட்டு எடுத்துட்டுதாமே என்று என்னிடமே கேட்டார்கள். குமரேசன் பெண்ணை நிறுத்திவிட்டான். அவனைப் பார்த்து இன்னும் எட்டு பேர் பிள்ளைகளை அனுப்பவில்லை. சூப்பர்வைசர் அம்மா வந்து காசை வீட்டுக்கு எடுத்துப் போகச் சொல்லி, ஏழு நாளைக்குள் விளக்கம் தர வேண்டும் என்று மெமோ கொடுத்துவிட்டுப் போனார். இருபத்திரண்டு வருஷத்தில் முதல் மெமோ. அன்றைக்கு நான் ஆறுதலாக ஒரு வார்த்தை சொல்லியிருக்க வேண்டாமா? சொன்னேனே, "நான் அப்பவே சொன்னேன், துட்ட வெச்சிகினு விளையாட்டு காட்டாதேனு, கேட்டியா, இப்ப பேஜாரு யாருக்கு" என்று சொன்னேன். இரண்டு நாள் கழித்து, சர்க்கரை டப்பாவுக்குப் பின்னால் ஒரு வெள்ளைத் தாளைப் பார்த்தேன். வேலையை ராஜினாமா செய்கிறேன் என்று இரண்டே வரி எழுதி, கையெழுத்துப் போடாமல் வைத்திருந்தாள். தம்பி, உண்மையைச் சொல்கிறேன், அதைப் பார்த்தபோது எனக்கு உள்ளுக்குள் கொஞ்சம் நிம்மதியாகத்தான் இருந்தது, உனக்கும் சந்தோஷம், வீட்டுக்கும் அமைதி என்று நினைத்தேன். அதை இப்போது எழுதும்போது எனக்கு வெட்கமாக இருக்கிறது.

அன்று மத்தியானம் அவளிடம், கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டு நிம்மதியாக இரு என்றேன். அதற்கு அவள் சொன்னாள்: "போட்டுடலாம், எனக்கு வேலை பெருசில்ல. ஆனா நான் இப்ப வெளிய போயிட்டா, அந்தப் பொண்ணுக்குத் திருடின்ற பேரு நிக்கும். அது பெருசாயி கல்யாணம் ஆவற வரைக்கும் இந்தத் தெரு அத சொல்லிகினே இருக்கும். அத எடுக்காம நான் போவமாட்டேன்." மெமோவைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை பார்.

சனிக்கிழமை ராதிகா டீத்தூள் வாங்க நம் கடைக்கு வந்தாள், இடுப்பில் ஜெயப்ரியா. கடையில் வேறு ஆள் இல்லை. அம்மா உள்ளே இருந்து எட்டிப் பார்த்துவிட்டு, காசு அட்டையையும் டப்பாவையும் எடுத்துக்கொண்டு வந்து கடைத் தரையிலேயே விரித்து உட்கார்ந்தாள். ராதிகா முகம் மாறியது, ஆனால் மரியாதைக்கு நின்றாள். அந்தப் பெண்ணிடம் இந்த நாலு நாளாக எல்லோரும் இரண்டே கேள்விதான் கேட்டிருக்கிறார்கள், முழுங்கினியா, எடுத்தியா. இரண்டுக்கும் அது இல்லை இல்லை என்று தலையாட்டியிருக்கிறது. உன் அம்மா ஒரு கேள்வியும் கேட்கவில்லை. "கண்ணு, வூட்ல வெக்கலாமா" என்று காசைக் குவித்துப் போட்டாள், அவ்வளவுதான். நாலு நாள் விளையாடாத ஏக்கம், அது இறங்கி ஓடி வந்து உட்கார்ந்துவிட்டது. ஒன்று, இரண்டு, ஐந்து, கடகடவென்று வைத்தது. பத்து ரூபாய்க் காசு ஒன்பதையும் எப்போதும்போல ஓரத்தில் தனியாக அடுக்கியது. அம்மா ஒரு காசைக் கையில் எடுத்து, மெதுவாக, "இதுக்கு வூடு வேணாமா" என்று கேட்டாள். குழந்தை, இது தெரியாதா உனக்கு என்கிற மாதிரி டீச்சரைப் பார்த்து, "அது செல்லாது" என்றது. "செல்லாததுலாம் எங்க போவும்?" "சாமி உண்டியல்ல." "யாரு கண்ணு சொன்னாங்க?" அது கையை நீட்டியது. நான் பின்னால் யாரோ நிற்கிறார்கள் என்று திரும்பிப் பார்த்தேன் தம்பி. பின்னால் எண்ணெய் டின்தான் இருந்தது.

எனக்கு ஞாபகம் வந்தது. ஒரு மாதம் முன்னால் அந்தப் பெண் பத்து ரூபாய்க் காசு ஒன்றைக் கொண்டுவந்து பிஸ்கட் கேட்டது. நான் திருப்பிக் கொடுத்து, "இது செல்லாது கண்ணு, ஜல்தியா போயி புள்ளையார் உண்டியல்ல போட்டுட்டு, அம்மாகிட்ட வேற துட்டு வாங்கினு வா" என்றேன். தெருவில் எல்லோரும் செய்வதுதான், கடையில் வாங்காத பத்து ரூபாய்க் காசைப் பிள்ளையார் தலையில் கட்டுவது. செண்டருக்கு அடுத்த வாசல் கோயில், உண்டியல் அந்தக் குழந்தை உயரத்துக்குத்தான் இருக்கிறது. பெரியவன் சொன்னதை அது வேதவாக்காக எடுத்துக்கொண்டு, கையில் வந்த காசை, வீட்டுக்குக் கிளம்புகிற சந்தடியில், சேர வேண்டிய இடத்தில் சேர்த்திருக்கிறது. முழுங்கவும் இல்லை, எடுக்கவும் இல்லை, போட்டிருக்கிறது. அதை ஒருத்தரும் கேட்கவில்லை. உன் அம்மா என்னைப் பார்த்தாள். திட்டியிருந்தால்கூடத் தேவலை, திட்டவில்லை. ராதிகா பெண்ணைத் தூக்கிக் கட்டிக்கொண்டு அழுதாள், டீத்தூளை விட்டுவிட்டே போய்விட்டாள், நானே பின்னால் கொண்டுபோய்க் கொடுத்தேன்.

குழந்தை வாய் வார்த்தை போதாது, தெரு கண்ணால் பார்க்க வேண்டும் என்று அம்மா சொல்லிவிட்டாள். உண்டியல் சாவி கோயிலைக் கவனித்துக்கொள்கிற அன்பழகனிடம், விநாயகர் சதுர்த்திக்கு முன்னால் வருஷத்துக்கு ஒரு தரம்தான் திறப்பான். நான் போய்க் கேட்டதற்கு முடியாது என்றான். அப்புறம் நான் செய்த வேலையை என் வாயாலேயே அவனிடம் முழுதாகச் சொன்ன பிறகு, சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர் வந்து, திங்கட்கிழமை காலையில் திறக்கிறேன் என்றான். அன்றைக்குத் தறிச் சத்தம் நின்று தெருவே கோயில் வாசலில் கூடிவிட்டது. சூப்பர்வைசர் அம்மாவுக்கும் உன் அம்மாவே போன் செய்து வரவழைத்திருந்தாள். பிள்ளைகளை நிறுத்தின எட்டு வீட்டுக்காரர்களும் பிள்ளைகளோடு வந்தார்கள், வேடிக்கை பார்க்கத்தான். குமரேசன் தூரத்தில் மின்கம்பத்தில் சாய்ந்துகொண்டு நின்றான். அன்பழகன் ஜமக்காளத்தில் உண்டியலைக் கவிழ்த்தான். சில்லறையும் கசங்கின நோட்டுமாகக் கொட்டினது. பெரியவர்கள் கை வைக்கப் போனபோது உன் அம்மா, "யாரும் தொடாதீங்க, எம் புள்ளைங்க பிரிக்கும்" என்றாள். இத்தனை வருஷத்தில் அவள் குரல் அவ்வளவு சத்தமாக நான் கேட்டதில்லை.

ஹேமநாத்து, அதை நீ பார்த்திருக்க வேண்டும். நாலு பேர் நாலு பேராக உட்கார்ந்து, சண்டை இல்லாமல், காசியம்மாள் கண் பார்வையில், அந்தக் குவியலை ஒன்று, இரண்டு, ஐந்து என்று பிரித்துப் பிரித்து வைத்ததுகள். பத்து ரூபாய்க் காசு மட்டும் ஒரு மேடாகச் சேர்ந்துவிட்டது, அதைப் பார்த்துத் தெருவில் பாதிப் பேர் வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்கள். அதை எண்ண வேண்டும், ஆனால் நாலு வயசுக்கு அவ்வளவு எண்ணத் தெரியாது. அம்மா அட்டையை ஜெயப்ரியா முன்னால் வைத்து, இன்றைக்குப் பத்துக்கும் வீடு உண்டு, பத்தும் செல்லும் என்றாள். அது ஒரு நிமிஷம் என்னை நிமிர்ந்து பார்த்தது. நான் எல்லோர் முன்னாலும், "ஆமா கண்ணு, செல்லும், தாத்தா தப்பா சொல்லிட்டேன்" என்றேன். அப்புறம் வைக்க ஆரம்பித்தது. பத்து வீடும் நிரம்பினால் ஒரு கிண்ணத்தில் கொட்டிவிட்டு மறுபடியும் முதலில் இருந்து. ஆறு கிண்ணம் ஆயிற்று. ஏழாவது தடவை காசு தீர்ந்துபோனது. அது விரலால் தொட்டுப் பார்த்துவிட்டு, "மூணு வூடு காலி" என்றது. சூப்பர்வைசர் அம்மா கீழே உட்கார்ந்து, தானே ஒரு தரம் எண்ணிப் பார்த்தார். அறுபத்தேழு. அதில் ஒன்றில் சிவப்புப் பொட்டு.

குமரேசன்தான் கம்பத்தில் இருந்து நகர்ந்து வந்து, ரொம்ப மெதுவாக, "இதுல நான் போட்டதே ஆறேழு இருக்கும் டீச்சர்" என்றான். அப்புறம் பெண்ணைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டு நின்றான், கண்ணைத் துடைக்கக்கூட இல்லை. பிள்ளையாருக்கு விழுந்ததைத் திரும்ப எடுக்கக் கூடாது, பதில் காசு வைத்துவிட்டுத்தான் எடுக்க வேண்டும் என்று அன்பழகன் சட்டம் பேசினான். நான் பாக்கெட்டில் இருந்து ஒரு பத்து ரூபாய் நோட்டை நீட்டினேன். "ஏன், காயின் இல்லையா?" என்று குமரேசன் கேட்டான். தெருவே சிரித்தது, நானும் சிரித்தேன், வேறு என்ன செய்வது. மறுநாள் பதினாலு பிள்ளைகளும் செண்டருக்கு வந்துவிட்டன, கூடப் புதிதாக இரண்டு. அம்மா மெமோவுக்கு விளக்கம் எழுதினாள், நடந்ததை நடந்தபடி. காசை இனிப் பிள்ளைகள் வீட்டுக்குப் போவதற்கு முன்பே அட்டையில் வைத்துச் சரிபார்க்க வேண்டும், முடிந்த பிறகு பார்த்தது என் தவறு என்று தன் பேரிலும் ஒன்றை எழுதிக் கொடுத்தாள். சூப்பர்வைசர் அம்மா அதைப் படித்துவிட்டு, அடுத்த மாதம் ஆரணிக் கூட்டத்தில் மற்ற டீச்சர்கள் எல்லோருக்கும் இந்த அட்டையை நீங்கள்தான் செய்து காட்ட வேண்டும் என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். மொத்தம் இருபத்துமூன்று டீச்சர்கள். அத்தனை பேருக்கும் புடவைப் பெட்டி அட்டை வெட்டுகிற வேலை யாருக்கு என்று கேட்காதே, கையில் கொப்புளமே வந்துவிட்டது.

நேற்று ஜெயப்ரியா தனியாகக் கடைக்கு வந்தது. ஒரு பத்து ரூபாய்க் காசைப் பாட்டில் மூடிமேல் வைத்துவிட்டு, கையை எடுக்காமலே, "செல்லுமா தாத்தா" என்று கேட்டது. செல்லும் என்றேன். நம்பவில்லை, இன்னொரு தரம் கேட்டது. பிறகுதான் கையை எடுத்தது. ஐந்து ரூபாய் பிஸ்கட் கொடுத்துவிட்டு, மீதியை வேண்டுமென்றே இரண்டு, இரண்டு, ஒன்று என்று மாற்றிக் கொடுத்தேன். பலகைமேல் வரிசையாக வைத்துப் பார்த்துவிட்டு, சரி என்று தலையாட்டி எடுத்துக்கொண்டு போனது. உன் அம்மா கதவுக்குப் பின்னால் நின்று பார்த்திருக்கிறாள், எனக்குத் தெரியாது. இன்று காலை அவள் குளிக்கப் போனபோது அந்த நோட்டைத் திறந்து பார்த்தேன். "பத்து - தெரியவில்லை" என்பதை அடித்துவிட்டு, நேற்றுத் தேதி போட்டு எழுதியிருக்கிறாள்: "ஜெயப்ரியாவுக்குப் பத்து முன்பே தெரியும். கடைக்காரருக்கு இப்போது தெரியும்." தம்பி, எனக்கு அந்த நோட்டை எடுத்துக்கொண்டு போய் ஆரணி பஸ் ஸ்டாண்டில் நின்று எல்லோருக்கும் காட்ட வேண்டும்போல இருந்தது. இவள் என் பெண்டாட்டி என்று சொல்ல வேண்டும்போல இருந்தது. சர்க்கரை டப்பாவுக்குப் பின்னால் இருந்த வெள்ளைத் தாளைத் தேடினேன், அங்கே காணோம், அந்த நோட்டுக்குள்ளேயே இருந்தது, அதன் பின்பக்கத்தில் வட்டம் போட்டுப் பழகியிருக்கிறாள்.

நீ அங்கே வெறும் நூடுல்ஸை வைத்து வயிற்றை ஏமாற்றாதே, பருப்புப் பொடிக்கு நல்லெண்ணெய் தனியாகக் கட்டி வைத்திருக்கிறோம். உனக்கு நீண்ட ஆயுளும், போகிற இடமெல்லாம் மரியாதையும், உன் அம்மாவின் பொறுமையில் பாதியும் கிடைக்க வேண்டும் என்று மனதார ஆசீர்வாதம் செய்கிறேன். மறக்காமல் இரண்டு காரியம் செய். அடுத்த தடவை வரும்போது அந்த ஓட்டைக் காசு பத்து கொண்டுவா, அதற்கும் ஒரு வரிசை வீடு கட்டப் போகிறாளாம். இன்னொன்று, ஓய்வு பெற இன்னும் ஆறு வருஷம் இருக்கிறது, அதுவரைக்கும் வேலையை விடு என்று அவளிடம் நீ ஒரு வார்த்தை சொல்லக் கூடாது. சொன்னால் முதலில் என்னிடம் பேச வேண்டியிருக்கும்.

இப்படிக்கு,
உன் அன்பு அப்பா,
மு. வேணுகோபால்,
மளிகைக் கடை
(பத்து ரூபாய்க் காசு வாங்கப்படும் என்று பலகை எழுதி மாட்டிவிட்டேன்)